யாரை யாருடன் விடுவது

ஜூன் 3

அண்ணன் போனதிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறோம். இன்று காலைதான் அதைக் கவனித்தேன். அண்ணி சமையலறையிலிருந்தே "தம்பி, காபி ஆறுது" என்று குரல் கொடுத்தார். மாடியறையில் இருந்த எனக்குக் கேட்டது. முன்பெல்லாம் படியேறி வந்து, கதவோரம் நின்று, முணுமுணுப்பாகச் சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. பெயர் கருணாகரன். பாடியில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை அரக்கோணத்தில் பெண் பார்த்து எல்லாம் கூடிவந்த நேரத்தில் "சரிப்படாதுடா" என்றார் அண்ணன். யோசித்துப் பார்த்தபோது எனக்கும் சரிப்படாது என்றே பட்டது. அண்ணன் எதைச் சொன்னாலும் யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படும். டைரியிடம் இப்படியெல்லாம் அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமா என்று தெரியவில்லை. இதுவரை எழுதியதில்லை. எழுதினால் அண்ணன் எடுத்துப் படிப்பார்.

அண்ணன் தட்சிணாமூர்த்தி யாரையும் அதிகம் அடித்ததில்லை. அவசியம் வந்ததில்லை. தொண்டையைச் செருமினாலே போதும், அண்ணி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். இரவு எட்டுக்கு வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதன்பின் யாருக்கு என்ன ஆனாலும் அவரைக் கேட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஹாலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். மாரடைப்பு.

அந்தத் தொட்டிதான் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. நாலடி நீளம். உள்ளே ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள். ஏதோ பெரிய ஏரியில் பாறை இடுக்குகளில் வாழ்கிற ஜாதி. பார்க்க அழகு, குணம் அதற்கு நேர் எதிர். நடுப்பாறையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் இருக்கிறான், கருநீலத்தில் வரி போட்டவன். அண்ணன் மகள் மிருதுளா அவனுக்கு ஜமீன் என்று பெயர் வைத்திருக்கிறாள். மற்றவர்கள் அவனுக்குப் பயந்து ஓரங்களில் நிற்கிறார்கள். சாம்பல் நிறத்தில் ஒன்று மட்டும் மேல்மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், மூச்சு விடுகிறதா என்றே தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் சாம்பல்.

போன வருஷம் மிருதுளா ஆசைப்பட்டு ஏஞ்சல் மீன் இரண்டு வாங்கி விட்டாள். மறுநாள் துடுப்பு மட்டும் மிதந்தது. "இடம் தெரியாம வந்தா இப்படித்தான்" என்று சிரித்தார் அண்ணன். அவளுக்கு இப்போது பிளஸ் டூ முடிந்துவிட்டது. கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் கனவு. "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று அண்ணன் அதை மூடியிருந்தார்.

இன்று சாப்பிடும்போது நானே சொன்னேன். "நீ கோயம்புத்தூர் போற. நான் அனுப்பி வைக்கிறேன். சித்தப்பா வாக்கு." அப்பா இறந்தபோதுகூட அழாத பெண், தட்டில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. துக்க வீட்டில் இப்படி இருக்கக்கூடாதுதான்.

ஜூன் 5

சாம்பல் இன்றும் இரைக்கு வரவில்லை.

ஜூன் 9

கருமாதி நல்லபடியாக முடிந்தது. அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தவன் நான், ஆகவே உருமால் கட்டும் எனக்குத்தான். அண்ணியின் அண்ணன் திருவேங்கடம் காஞ்சிபுரத்திலிருந்து வேட்டி துண்டோடு வந்திருந்தார். கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, புதுத்துண்டை என் தலையில் சுற்றி இறுக்கினார். எல்லோரும் அரிசி போட்டார்கள்.

"இனிமே இந்த வீட்டுக்கு எல்லாம் நீங்கதான் மாப்ள" என்றார். இத்தனை வருஷமாக என்னைச் சின்ன மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

எல்லோரும் போனபின் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மிருதுளா வந்து, "சித்தப்பா, அது இன்னும் தலைலயே இருக்கு" என்றாள். தொட்டுப் பார்த்தேன், இருந்தது. இவ்வளவு இறுக்கமாகக் கட்டினால் வலிக்காதோ என்னவோ, எனக்கு வலிக்கவில்லை.

ஜூன் 14

கொளத்தூர் மீன்கடைக்குப் போனேன். ஜெயசீலி என்ற அம்மாள் நடத்துகிற கடை. எதைக் கேட்டாலும் முதலில் கேலி, பிறகுதான் பதில்.

"சாரைப் பார்த்தா பரம சாது மாதிரி இருக்கீங்க. இந்த ரவுடிங்க எதுக்கு உங்களுக்கு?"

"அண்ணனோடது. சும்மா சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. கூட எதை விட்டா ஒத்துப்போகும்?"

"கோல்டு, ஏஞ்சல் பக்கமே போகாதீங்க. அதுங்க தண்ணி வேற, இதுங்க தண்ணி வேற. இதே ஜாதியில, இதே அளவு திமிர் இருக்கிறதா விடணும். அதுவும் ஒண்ணே ஒண்ணு விட்டீங்க, விடிஞ்சா எலும்புதான். மொத்தமா விடுங்க. அப்ப யாரை அடிக்கிறதுன்னு அதுக்கே கொழம்பிடும். அடி எல்லாருக்கும் பங்கு போட்டு விழும், யாரும் சாக மாட்டாங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மஞ்சளில் கொஞ்சம், வெளிர்நீலப் பெண் மீன்கள் கொஞ்சம், அடியில் ஒளிந்தே பிழைக்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்று என்று எடுத்து வைத்தார். நான் கருநீலத்தில் ஒன்றைக் காட்டினேன். "அது வேணாம்" என்றார். "தன்னை மாதிரியே இருக்கிறவனைத்தான் அது மொதல்ல கொல்லும்."

விடுவதற்கு முன் கற்களையெல்லாம் கலைத்து அடுக்க வேண்டுமாம். பழையவர்களுக்குத் தங்கள் இடம் எது என்று மறந்துபோக வேண்டும். ஜமீனைப் பிடித்து வந்தால் அவரே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஜூன் 15

ஞாயிறு. நானும் மிருதுளாவும் முழங்கை வரை நனைந்து கற்களை மாற்றினோம். ஜமீனை வாளியில் பிடிப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அண்ணி வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாளியைக் கொளத்தூரில் கொடுத்துவிட்டு, புது மீன்களை வாங்கிவந்து தொட்டியில் விட்டோம். தொட்டி முழுக்க நடமாட்டம். எவனும் எவனையும் அடிக்கவில்லை.

மத்தியானம் கவுன்சிலிங் விண்ணப்பத்தை முடித்தோம். முதல் விருப்பம் கோயம்புத்தூர்.

ஜூன் 22

விசித்திரம் ஒன்றை எழுத வேண்டும். அண்ணனுக்கு ஒரு பழக்கம், செய்தித்தாளை நீளவாக்கில் மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார், தான் முடிக்கும் வரை வேறு யாரும் படித்துவிடக் கூடாது. இன்று காலை அவர் நாற்காலியில் தாள் அதேபோல் நீளவாக்கில் மடிந்து கிடந்தது. தொட்டேன். சூடாக இருந்தது. அருகில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அண்ணியிடம் கேட்டேன். "நான் பேப்பர் பக்கமே போறதில்லையே தம்பி" என்றார். பிறகு தயங்கித் தயங்கி அவரும் ஒன்று சொன்னார். நேற்றும் முந்தாநாளும் வெளிக்கேட்டு எட்டு மணிக்கெல்லாம் பூட்டியிருந்ததாம்.

"நீங்க பூட்டினீங்களா?"

"எனக்கு ஞாபகம் இல்லையே அண்ணி" என்றேன்.

உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

ஜூன் 27

அண்ணி அவரைப் பார்த்துவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரம். சமையலறையிலிருந்து தீப்பெட்டியோடு வந்தவர் ஹாலில் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலிக்கு மேலே அண்ணனின் பின்தலை தெரிந்ததாம். வலதுகை விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தனவாம். தீக்குச்சிகள் தரையெல்லாம் சிதறின. அவர் போட்ட சத்தத்தில் மிருதுளா ஓடிவந்தாள்.

எனக்குத்தான் புரியவில்லை. நானும் அந்நேரம் ஹாலில்தான் இருந்தேன். மற்ற நாற்காலிகள் மேலெல்லாம் துவைத்த துணி கிடந்ததால் இருந்த இடத்தில் உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை. அண்ணி அழுதபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. "சத்தம் போடாதீங்க" என்றேன். உடனே நிறுத்திவிட்டார்.

ஜூலை 4

தொட்டியில் ஒரு அதிசயம். சாம்பல் மூலையை விட்டு வெளியே வந்துவிட்டது. அது மட்டுமா, உடம்பில் நீலம் ஏறுகிறது. முதலில் துடுப்பு விளிம்பில், பிறகு முதுகில், இன்று காலை வரிகளே வந்துவிட்டன. நடுப்பாறைக்கு முன்னால் நிற்கிறது. மஞ்சளில் ஒன்று பக்கத்தில் வந்தபோது வாயைத் திறந்து காட்டியது.

ஜெயசீலியைப் போனில் கூப்பிட்டேன். சிரித்தார்.

"அது ஆம்பள மீனு சார். பெரியவன் இருந்த வரைக்கும் கலரைக் காட்டினா அடி விழும்னு அமுக்கி வெச்சிருந்துச்சு. அவனை எடுத்துட்டீங்கல்ல?"

"அப்போ இதுவும் அவனை மாதிரி ஆயிடுமா?"

"அவனை விட மோசமாகூட ஆவும். அடி வாங்கியே வளந்தது பாருங்க. வேணும்னா இதையும் கொண்டாங்க, எடுத்துக்கறேன்."

வேண்டாம் என்றேன். இத்தனை நாள் ஒடுங்கிக் கிடந்தது. கொஞ்சம் இருந்து பார்க்கட்டுமே. பாவம்.

ஜூலை 13

மிருதுளாவுக்குக் கோயம்புத்தூரிலேயே இடம் கிடைத்துவிட்டது. போனை நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள். ஆகஸ்ட் முதல் வாரம் போய்ச் சேர வேண்டும், பெட்டி வாங்கலாம், படுக்கை வாங்கலாம் என்று மூச்சு விடாமல் பேசினாள். எனக்குச் செய்தித்தாள் பாதியில் நின்றது.

"பார்க்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணி கையிலிருந்த சர்க்கரை டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். மிருதுளாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பார்க்கலாம் என்பது அண்ணன் சொல்கிற வார்த்தையாம், அவர் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தமாம். அதற்காக ஊரில் வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதா? அற்ப விஷயத்துக்கெல்லாம் இந்தப் பெண்கள் முகம் மாறுகிறார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 20

அண்ணன் சட்டைகளை ஆசிரமத்துக்குக் கொடுக்க அண்ணி மூட்டை கட்டியிருந்தார். நல்ல சட்டைகள். எனக்குத் தொளதொளவென்று இருக்கும் என்று நினைத்துத்தான் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. தோள்பட்டைகூட.

அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், எதிர்வீட்டு வாசுதேவன் "வணக்கம் தட்சிணாமூர்த்தி சார்" என்றார். சொன்னவர் வெலவெலத்துப் போய் வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடை முதலாளி எங்கள் வீட்டு எண்ணுக்கு அழைத்தபோதும் அதே கதை. நான் ஹலோ என்றதும் போனை வைத்துவிட்டு மறுபடி அழைத்தார். "கருணா... உங்க அண்ணன் குரல் மாதிரியே இருந்துச்சுய்யா" என்றார் கடைசியில்.

ஆக, அண்ணன் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒருவன்தான் அவரை இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 21

மஞ்சளில் ஒன்றைக் காணோம்.

ஜூலை 27

மிருதுளாவின் போன் தொலைந்து வீடே அமளி. அண்ணியின் தோழி யாரோ சொல்லி ஒரு பூசாரி வேறு வந்திருந்தார். எலுமிச்சையைச் சுற்றி, விபூதி அடித்து, எந்த அறையில் நடமாட்டம் அதிகம் என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். ஹால் என்று நான் சொன்னேன். பூசாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்சிணையைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். அரைகுறை.

போன் பீரோவில் இருந்தது. அண்ணன் இருந்தபோது, அவள் அதிகம் பேசினால் அங்கேதான் வைத்துப் பூட்டுவார். பீரோச் சாவி என் இடுப்பில் இருந்தது. உருமால் கட்டியதிலிருந்து சாவிக்கொத்து என்னிடம்தானே இருக்கிறது. அப்படியிருந்தும் உள்ளே போன் எப்படிப் போயிற்று? எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

இப்போது தாயும் மகளும் ஒரே அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். அண்ணன் மேல் அவ்வளவு பயம். "நான் இருக்கேன், எதுக்குப் பயப்படறீங்க?" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளே ஏதோ கனமானதைக் கதவருகில் இழுக்கும் சத்தம் கேட்டது.

மீன்களில் மிஞ்சியிருப்பவை ஒழுங்காகிவிட்டன. நடுப்பாறை நீலத்துடையது. அதைச் சாம்பல் என்று கூப்பிட இனி முடியாது. மற்றவை ஓரத்தில் நிற்கின்றன. கெளுத்தி வெளியே வருவதே இல்லை. ஒருவகையில் பார்த்தால் இதுதான் அமைதி. யார் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3

இன்று நடந்ததை நிதானமாக எழுதுகிறேன். என் மேல் தப்பு எதுவும் இல்லை.

மிருதுளாவை ரயிலேற்ற திருவேங்கடம் மத்தியானம் ஆட்டோவோடு வந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன் என்று நினைத்திருக்கிறார்கள். பெட்டி, வாளி, படுக்கை எல்லாம் கேட்டருகே இருந்தது. கேட்டு பூட்டியிருந்தது. பட்டப்பகலில்.

"மாப்ள, சாவி எங்க? நேரமாவுது" என்று வெளியே நின்று கேட்டார்.

தேடினேன். என் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு திறக்கத்தான் போனேன். சத்தியமாகத் திறக்கத்தான் போனேன். பூட்டில் சாவியை வைத்தபோது தொண்டையில் ஏதோ அடைத்தது, செருமினேன்.

பின்னாலிருந்து மிருதுளா கையெடுத்துக் கும்பிட்டபடி, "அப்பா, ப்ளீஸ்பா, விட்டுடுங்கப்பா" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். ஆட்டோக்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொள்ள ஒருத்தி இல்லை, பெற்றுக்கொள்ள ஒன்று இல்லை. அப்படிப்பட்டவனை ஒரு குழந்தை அப்பா என்கிறது. அதன்பிறகு அவளை முன்பின் தெரியாத ஊருக்கு எப்படி அனுப்புவது? சாவியைத் திரும்பவும் பையில் போட்டேன்.

"படிச்சுக் கிழிச்சது போதும். உள்ள போங்க" என்றேன்.

போனார்கள். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருவேங்கடம் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, "நான் என் கையாலயே உருமாலைக் கட்டிவிட்டேனே" என்றார். என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை.

ஆகஸ்ட் 4

கடைக்குப் போய்விட்டு வந்தால் கேட்டுப் பூட்டு அறுந்து தொங்குகிறது. வீட்டில் யாரும் இல்லை. துணிமணி, சான்றிதழ், அவள் பெட்டி எதுவும் இல்லை. அண்ணன் படத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சமையலறையில் எனக்கு ஒருவேளைச் சோறும் ரசமும் மூடி வைத்திருந்தது. ஆடி மாதத்தில் வீட்டை விட்டுப் போகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

போனில் அண்ணி செய்தி அனுப்பியிருந்தார். அப்படியே எழுதி வைக்கிறேன். "தம்பி, மிருதுவை ரயில் ஏத்திட்டேன். நான் எங்க அண்ணன் வீட்டுல இருக்கேன். தேடி வராதீங்க. உங்க அண்ணன்கூட இருபது வருஷம் குடும்பம் நடத்திட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது. நீங்க நல்லவருன்னுதான் நினைச்சேன். இப்பவும் அப்படி நினைக்கத்தான் ஆசை."

இன்னொரு தடவை என்றால் என்ன அர்த்தம்? அண்ணன்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே. பலமுறை படித்தேன், புரியவில்லை. ரசம் நன்றாக இருந்தது. உப்பு கொஞ்சம் குறைச்சல்.

ஆகஸ்ட் 10

நீலமும் கெளுத்தியும் மட்டும் இருக்கிறார்கள். இரை மிச்சமாகிறது. ஒற்றை ஆளாக இருந்தால் அதற்கும் வெறி அதிகமாகுமே தவிர குறையாது என்கிறார் ஜெயசீலி. கூட ஆட்கள் இருந்தால்தான் அதற்கு நல்லதாம்.

எனக்கும் இந்த வீடு பெரிதாக இருக்கிறது. நான் கீழேயே இருந்துகொள்வேன். மாடியறையோடு பின்கட்டையும் சேர்த்து வாடகைக்கு விடலாம் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறேன். ஆடி போகட்டும் என்றார்.

ஆகஸ்ட் 24

ஆவணி பிறந்ததும் வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவசரப்பட்டு யாரையும் வைக்கக்கூடாது. சேர்க்கை சரியில்லாவிட்டால் இரு பக்கமும் நிம்மதி போய்விடும்.

முதலில் வந்தவன் என்னைக் கேட்காமலே ஜன்னலைத் திறந்தான், மோட்டார் சுவிட்ச் எங்கே என்றான், கேட்டுக்குத் தனக்கு ஒரு சாவி வேண்டும் என்றான். வேண்டாம் என்றேன். அடுத்து வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர், இருவருமே தாட்டியான ஆட்கள். அதுவும் ஒத்துவராது.

சாயங்காலம் ஒரு குடும்பம் வந்தது. கணவர் ஏதோ அச்சகத்தில் வேலை பார்க்கிறார், பெயர் குணாளன், குனிந்த தலை நிமிராத மனிதர். மனைவி செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்தார். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண். சுற்றிக் காட்டினேன். நான் முன்னால் போனால்தான் பின்னால் வந்தார்கள். என் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

அந்தப் பெண் தொட்டியருகில் நின்றிருந்தாள்.

"உம் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்கு முன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

நல்ல குடும்பம். சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.